சோர்வு போகவில்லை, ரிப்போர்ட் மட்டும் நார்மல்: லாங் கோவிட் பற்றி டெல்டா ஊர்களில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீடாமங்கலம், குடவாசல், வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர் என்று ஒருவரைப் பார்க்கப் போனால், பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து இன்னொருவர் எழுந்து வந்து, "எனக்கும் ஒரு சந்தேகம்மா" என்று ஆரம்பிப்பார். கொரோனா வந்துபோன பிறகு உடம்பு பழையபடி ஆகவே இல்லை என்பதுதான் அநேகமாக அந்தச் சந்தேகம். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

பதில்களுக்கு நான் அதிகம் சார்ந்திருப்பது ஜியாத் அல்-அலி என்ற மருத்துவரின் ஆய்வுகளை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் பணிபுரிபவர். கொரோனாவுக்குப் பிறகு உடம்பில் என்ன நடக்கிறது என்று 2021 முதல் தொடர்ந்து ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டு வருகிறார். மற்றவர்களின் ஆய்வுகளும் ஆங்காங்கே வரும். மருந்து மாத்திரை முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

கொரோனாதான் எப்பவோ போயிடுச்சே மேடம், இன்னும் என்ன அதைப் பத்திப் பேச்சு?

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று சர்வதேச அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. அவசரநிலையைத்தான் முடித்தார்களே தவிர, கிருமி ஊரைவிட்டுப் போகவில்லை. இப்போதும் சளிக்காய்ச்சல் மாதிரி வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடுகிறது. சிலருக்கு மட்டும் காய்ச்சல் விட்ட பிறகும் உடம்பு தேறுவதில்லை. 2021 அலையில் படுத்துவிட்டு இன்றுவரை பழைய வேலைக்குத் திரும்ப முடியாதவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு அது முடிந்துபோன கதை இல்லை.

லாங் கோவிட்னா என்ன? எத்தனை நாள் இருந்தா அந்தப் பேர் சொல்வாங்க?

உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் ஒரு வரையறை வெளியிட்டது. கொரோனா வந்து மூன்று மாதம் ஆன நிலையில் தொந்தரவு இருக்க வேண்டும். அது குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வேறு எந்த நோயாலும் அதற்கு விளக்கம் கிடைக்கக் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது ஏன் முக்கியம் என்பதை, என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்ற கேள்வியில் சொல்கிறேன்.

அதிகம் காணப்படுவது மூன்று: அசதி, மூச்சு வாங்குவது, மறதியோடு சேர்ந்த ஒரு மந்தம். இவை தவிர நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, எழுந்து நின்றால் தலைசுற்றல், வாசனை தெரியாமை, வயிற்றுக் கோளாறு என்று பட்டியல் நீளும். நோயாளிகளே ஒன்றுசேர்ந்து 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரிடம் விவரம் கேட்டு 2021-ல் வெளியிட்ட ஆய்வில் 203 அறிகுறிகள் பதிவாகின. ஒருவருக்கு எல்லாமே இருக்காது. சிலருக்கு எப்போதும் இருக்கும். சிலருக்கு நடுவில் நன்றாகி மறுபடி வரும்.

எனக்கு அப்ப டெஸ்டே எடுக்கலீங்க. கொரோனாவாலதான்னு எப்படிச் சொல்றது?

2021 மே, ஜூனில் கிராமத்தில் எத்தனை பேர் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள்? வீட்டில் வரிசையாக எல்லோரும் படுத்தார்கள், பாராசிட்டமால் போட்டார்கள், எழுந்தார்கள். டெஸ்ட் ரிப்போர்ட் இல்லை என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மேலே சொன்ன வரையறையே "உறுதியானது அல்லது இருந்திருக்கக்கூடியது" என்று இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணுக்கள் இருந்தன. அதில் தடுப்பூசியால் வந்ததும் உண்டு, தெரியாமலே தொற்றி வந்ததும் உண்டு.

இதற்காக இப்போது போய் ஆன்டிபாடி டெஸ்டுக்குக் காசு கட்டாதீர்கள். இன்று ஏறக்குறைய எல்லோருக்கும் பாசிட்டிவ்தான் வரும். அதிலிருந்து எதுவும் தெரியாது. அதைவிட உபயோகமானது தேதி. எந்த மாதம் காய்ச்சல் வந்தது, வீட்டில் யார் யாருக்கு வந்தது, வாசனை போனதா, அதற்கு முன்னால் உடம்பு எப்படி இருந்தது, அதற்குப் பிறகு எப்படி ஆனது. இதை ஒரு பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

வயலுக்குப் போயி நல்லாத்தான் நடவு நட்டேன். மறுநாள் எழுந்திரிக்க முடியல. வேலைக்குப் போறதுக்கு இவளுக்கு வலிக்குதுன்னு வீட்ல திட்றாங்கக்கா.

என்னிடம் வரும் கேள்விகளில் இதைத்தான் முக்கியமானதாக நினைக்கிறேன். வேலை செய்யும்போது ஒன்றும் தெரிவதில்லை. ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்து மொத்தமாகச் சாய்த்துவிடுகிறது. உடம்பு அடித்துப் போட்டது போல வலிக்கும், தலை பாரமாகும், வெளிச்சம், சத்தம் ஆகாது. தூங்கி எழுந்தாலும் தெளியாது. இப்படி உழைப்புக்குப் பின் விழுந்துவிடுவது லாங் கோவிட்டின் தனி அடையாளங்களில் ஒன்று. சாதாரணக் களைப்பு ஒரு ராத்திரி தூக்கத்தில் போய்விடும். இது போகாது.

இது சோம்பல் இல்லை என்பதற்குச் சதையிலேயே ஆதாரம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் லாங் கோவிட் உள்ள 25 பேரையும் ஆரோக்கியமான 21 பேரையும் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மிதிப்பதற்கு முன்னும், மிதித்த மறுநாளும் தொடைச் சதையில் துளி எடுத்துப் பார்த்தார்கள். 2024 ஜனவரியில் முடிவு வெளியானது. லாங் கோவிட் உள்ளவர்களின் தசை செல்களில் சக்தி உண்டாக்கும் பகுதி சரியாக வேலை செய்யவில்லை. மிதித்த பிறகு தசையில் சேதம் கூடியிருந்தது. அவர்களுடைய இதயத்திலும் நுரையீரலிலும் பெரிய கோளாறு இல்லை. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினால் 98 காட்டுவதும், படி ஏற முடியாமல் போவதும் ஒரே ஆளுக்கு எப்படி நடக்கிறது என்பது இதனால் புரிகிறது. மேட்டூரில் அணை நிரம்பியிருந்தும் கடைமடை வயல் காய்வதை நம் ஊரில் பார்க்காதவர் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது. தசை அதை எடுத்துப் பயன்படுத்துவதில்தான் சிக்கல்.

திட்டுகிற மாமியாருக்கும் கணவருக்கும் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். நான் வீட்டுக்குப் போனால் நோயாளியிடம் பேசுவதற்கு முன் அவர்களிடம்தான் பேசுகிறேன்.

அப்ப எப்பவும் படுத்தே கிடக்கணுமா? கூலிக்குப் போகலேன்னா அடுப்பு எரியாதே.

படுத்தே கிடக்க வேண்டாம். ஆனால் "கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் பழகிவிடும்" என்ற ஆலோசனை இவர்களுக்குப் பொருந்தாது. இதே மாதிரி உழைப்புக்குப் பின் சாய்ந்துவிடும் இன்னொரு நீண்டகாலச் சோர்வு நோய்க்கு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2021 அக்டோபரில் மாற்றி எழுதியது. பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். முட்டி மாற்று அறுவை செய்தவரை வலித்தாலும் நட என்று நான் விரட்டுவேன். லாங் கோவிட்டில், மறுநாள் விழுகிறவரை அப்படி விரட்டினால் கெடுதல்தான்.

செய்ய வேண்டியது அளவு கண்டுபிடிப்பது. ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: இன்று என்ன வேலை, எவ்வளவு நேரம், மறுநாள் எப்படி இருந்தது. விழாமல் தாங்குகிற அளவு எது என்று தெரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொள்ளுங்கள். நன்றாக இருக்கிற நாளில்தான் ஆபத்து அதிகம். தேங்கிய வேலையெல்லாம் அன்றே முடிக்கத் தோன்றும். முடித்தால் அடுத்த மூன்று நாள் போய்விடும். சமையலுக்கு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். தண்ணீர்க் குடத்தை வேறு யாராவது தூக்கட்டும். துவைப்பதும் வீடு மெழுகுவதும் ஒரே நாளில் வேண்டாம். கைபேசியில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும், களைப்பு இல்லாவிட்டாலும் உட்காருங்கள்.

வயல்வேலை தனிச் சிக்கல். காலை முழுக்கக் குனிந்தபடி, கணுக்கால் சேற்றில், வெயில் முதுகில். நடவு ஆட்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்து போகும்போது ஒருத்தி மட்டும் நின்றால் வரிசை கெடும், அதனால் நிற்க மாட்டார்கள். குடவாசல் பக்கத்தில் ஒரு பெண்ணுக்காக அவர் போகும் நடவுக் குழுவின் மூத்த அம்மாவிடம் பேசினோம். அந்த அம்மா அவரை நடவு வரிசையிலிருந்து எடுத்து, வரப்பில் உட்கார்ந்து நாற்று முடி எண்ணிக் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார். கூலி அதே கூலி. மற்ற பெண்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். கேட்டுப் பார்க்கலாம். நூறு நாள் வேலையிலும் தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற இலகுவான பொறுப்புகள் உண்டு; பணித்தளப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் நார்மல். மனசுதான் காரணம், டென்ஷனைக் குறைச்சுக்குங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

வழக்கமான டெஸ்டுகள் வழக்கமான நோய்களைக் கண்டுபிடிக்க வந்தவை. அவற்றில் தெரியவில்லை என்றால் அந்த நோய்கள் இல்லை என்றுதான் அர்த்தம். நோயே இல்லை என்று அர்த்தமில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் அகிகோ இவசாகியும் நியூயார்க்கின் டேவிட் புட்ரினோவும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், லாங் கோவிட் உள்ளவர்களின் ரத்தத்தில் கார்டிசால் ஹார்மோன் குறைந்திருந்தது. உடம்பில் தூங்கிக்கொண்டிருந்த பழைய வைரஸ்கள் மறுபடி தலைதூக்கியதற்கான தடயமும் இருந்தது. இவற்றை நம் ஊர் லேபில் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் ரத்தத்தில் மாற்றம் இருக்கிறது.

திண்ணையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பத்து நிமிடம் படுத்திருக்கச் சொல்லி நாடித்துடிப்பை எண்ணுவேன். பிறகு சுவரில் தோளைச் சாய்த்து, குதிகாலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, பேசாமல் பத்து நிமிடம் நிற்க வைப்பேன். படுத்திருந்தபோது 78 இருந்த துடிப்பு நின்றதும் 116-க்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். ரத்த அழுத்தம் இறங்காமல் துடிப்பு மட்டும் 30-க்கு மேல் கூடி அப்படியே நின்றால், நிற்கும்போது இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்பு அமைப்பு தடுமாறுகிறது என்று பொருள். படுத்தபடி எடுத்த ஈசிஜியில் இது வராது. தனியாகச் செய்யாதீர்கள், மயக்கம் வரலாம். எண்ணிய கணக்கை எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் மருத்துவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

மாதக்கணக்கில் முடியாமல் இருந்தால் மனசும் சோரத்தான் செய்யும். அதற்கும் சிகிச்சை எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எது முதலில் வந்தது என்பதை மாற்றிப் போட வேண்டாம்.

என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்? லேப்ல 'போஸ்ட் கோவிட் பேக்கேஜ்'னு விளம்பரம் பார்த்தேன்.

லாங் கோவிட் இருக்கிறது என்று உறுதி செய்யும் தனி டெஸ்ட் எதுவும் இன்றுவரை இல்லை. பேக்கேஜ் தேவையில்லை. தேவைப்படுவது வேறு நோய்களை விலக்குவதற்கான சாதாரண டெஸ்டுகள், அவை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும்: ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், ஈசிஜி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளி டெஸ்ட் கட்டாயம்.

நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. ஹீமோகுளோபின் 8 இருக்கிறவருக்கு மூச்சு வாங்குவதற்குக் கொரோனாவைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால், இரும்புச்சத்து மாத்திரையில் தீர வேண்டியது தீராமலே போகும். சர்க்கரையை விடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அல்-அலி குழு 2022 மார்ச்சில் வெளியிட்ட கட்டுரையில் கொரோனா வந்த 1,81,280 பேரை, வராத 40 லட்சத்துக்கும் அதிகமானவர்களோடு ஒப்பிட்டது. வந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டில் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 40 சதவீதம் கூடுதலாக இருந்தது.

எனக்கு சிக்குன்குனியா வந்து வருஷக்கணக்காச்சு, மூட்டுவலி இன்னும் போகல. அதுவும் இதுவும் ஒண்ணா?

கிருமி வேறு, கதை நெருக்கமானது. 2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டில் பரவியபோது குச்சி ஊன்றி நடந்தவர்களை நம் ஊர்களில் எல்லோருக்கும் நினைவிருக்கும். காய்ச்சல் சில நாளில் விட்டது. விரல் மூட்டும் கணுக்காலும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் வீங்கின.

ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற கிராமப்புற வட்டாரத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. கொரோனாவுக்கு வெகு முன்னால். மூன்று வெவ்வேறு தொற்றுகள் வந்த 253 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அதில் ஒன்று ராஸ் ரிவர் வைரஸ். சிக்குன்குனியாவின் உறவுக்காரக் கிருமி, கொசுவால் பரவி மூட்டைப் பிடிப்பது. ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேர் அசதியாலும் உடல்வலியாலும் முடங்கியிருந்தார்கள். மூன்று தொற்றிலும் அளவு ஏறத்தாழ ஒன்றே. யார் முடங்குவார்கள் என்பதை முன்கூட்டிக் காட்டியது முதல் காய்ச்சலின் கடுமைதான். அவர்களுடைய மனநிலையோ குணமோ அல்ல. மேலே மனசு பற்றிக் கேட்டவருக்கு இது இன்னொரு பதில்.

கிருமி போன பின்னும் பாதிப்பு தங்கும் என்பது கும்பகோணம் பக்கத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. யானைக்கால் நோயில் புழு செத்து வருடங்கள் ஆன பிறகும் கால் வீக்கம் வற்றாது; தினமும் கழுவித் துடைத்துப் பராமரிக்க வேண்டும். நோய் பரவும்போது செலவழிக்கிற அக்கறையில் ஒரு பங்கையாவது, பரவல் ஓய்ந்த பிறகு மிச்சமிருப்பவர்களுக்கு வைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஒரு வித்தியாசம்: மூட்டில் வீக்கமும் காலை விறைப்பும் இருந்தால் அது மூட்டு அழற்சி, அதற்குத் தனி மருந்து உண்டு. வாத நோய் மருத்துவரைப் பாருங்கள்.

நடவு முடிஞ்சதும் காய்ச்சல், உடம்புவலி, அசதி. இதுவும் பழைய கொரோனாதானா?

புதிதாகக் காய்ச்சல் வந்தால் பழைய நோயின் தொடர்ச்சி என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். எலி சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே கிருமியை உள்ளே விடும். கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலி, கண் சிவப்பு இருக்கும். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீர் குறைவதும் வரும். இன்னொன்று உண்ணிக்காய்ச்சல். புதரில், வரப்புப் புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் கருத்துப் பொருக்குத் தட்டியிருக்கும், வலிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே என்று மறைவிடத்தில் இருப்பதால் பெண்கள் டாக்டரிடம் காட்டுவதில்லை. தயவுசெய்து காட்டுங்கள்.

இரண்டுக்குமே விலை குறைந்த ஆன்டிபயாடிக் இருக்கிறது. தாமதித்தால்தான் உயிருக்கு ஆபத்து. முற்றிய உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், சேற்றில் வேலை செய்தேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஒரே தெருவில் பலருக்கு ஒரே சமயத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. சீக்கிரம் தகவல் போனால் எந்தத் தண்ணீர்க் குழாயில் கோளாறு என்று சீக்கிரம் தேட முடியும்.

தடுப்பூசி போட்டதாலதான் இதெல்லாம்னு சொல்றாங்களே? சின்ன வயசுக்காரங்க பொட்டுனு சாகுறாங்களே?

இளவயதில் ஒருவர் போவது ஊரையே உலுக்கும்; காரணம் தேடுவது இயல்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதையே நேரடியாக ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டது. 18 முதல் 45 வயதில் திடீரென இறந்த 729 பேரை, அதே வயதும் அதே பகுதியும் கொண்ட 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்திருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் முன்பே திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுமீறிய குடி, போதைப்பொருள், கடும் உடற்பயிற்சி.

லாங் கோவிட்டைப் பொறுத்தும் கணக்கு தடுப்பூசிக்குச் சாதகமாகவே இருக்கிறது. அல்-அலி குழு 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், தொற்றிய ஓராண்டுக்குள் லாங் கோவிட் வந்தவர்கள், கொரோனா உலகில் பரவத் தொடங்கிய காலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். ஓமிக்ரான் காலத்தில் தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு எட்டுக்குச் சற்றுக் குறைவு, போட்டவர்களில் 3.5. தடுப்பூசிக்குப் பக்கவிளைவே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. அரிதாகச் சிலருக்கு வந்திருக்கிறது. அவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இதுக்கு மருந்து இருக்கா இல்லியா? கபசுரக் குடிநீரைத் தொடர்ந்து குடிக்கலாமா?

நோயை வேரோடு எடுக்கும் மருந்து இன்னும் நிரூபணமாகவில்லை. பாக்ஸ்லோவிட் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைப் பதினைந்து நாள் கொடுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்பார்மினைக் கொரோனா வந்த சில நாட்களுக்குள் ஆரம்பித்தால், பின்னால் லாங் கோவிட் வருவது 41 சதவீதம் குறைந்ததாக 2023-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. அது எடை கூடியவர்களிடம் செய்தது, வராமல் தடுப்பது பற்றியது. ஏற்கெனவே வந்தவர்கள் பக்கத்து வீட்டு மெட்பார்மினை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

கபசுரக் குடிநீர் லாங் கோவிட்டைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. குடிப்பதானால் சித்த மருத்துவரிடம் கேட்டு அளவோடு குடியுங்கள். மாதக்கணக்கில் தானாகத் தொடர வேண்டாம். ஆனால் அறிகுறிகளுக்குச் சிகிச்சை நிறைய இருக்கிறது. நின்றால் படபடப்பவருக்குத் தண்ணீரும் உப்பும் கூட்டுவது, காலுக்கு இறுக்கமான காலுறை, தேவைப்பட்டால் மாத்திரை. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பைக் கூட்டக் கூடாது. தூக்கம், தலைவலி, மூச்சுப் பயிற்சி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்தால், வேலை செய்யும் அளவு மெல்ல ஏறுவதைப் பார்க்கிறேன்.

வாசனையே தெரியல. குழம்பு அடிப்பிடிச்சாகூட மத்தவங்கதான் சொல்லணும்.

மூக்குக்குப் பயிற்சி கொடுக்கலாம். ஜெர்மனியின் தாமஸ் ஹம்மெல் குழு 2009-ல் முன்வைத்த முறை: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடி முகர்ந்து, அந்த வாசனையை நினைவுக்குக் கொண்டுவர முயல வேண்டும். குறைந்தது மூன்று மாதம். பன்னீர், நீலகிரித் தைலம், எலுமிச்சைத் தோல், நசுக்கிய கிராம்பு போதும். எல்லோருக்கும் முழுதாகத் திரும்புவதில்லை; செலவு இல்லை, கெடுதலும் இல்லை. அதுவரை கேஸ் சிலிண்டரை இரவில் மூடிவிட்டுப் படுங்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா?

வரும், பெரியவர்களைவிடக் குறைவாக. சின்னப் பிள்ளைகள் அசதி என்று சொல்லத் தெரியாமல் வயிற்றுவலி, தலைவலி, தூக்கக் கோளாறு என்று காட்டுவார்கள். விளையாடிய மறுநாள் பள்ளிக்குப் போக முடியாமல் படுக்கிறதா என்று கவனியுங்கள். பள்ளியில் சொல்லி விளையாட்டு வகுப்பில் விலக்கு வாங்குங்கள்.

அமெரிக்காவுல பட்டாளத்துக்காரங்களை வெச்சுப் பண்ணின கணக்கு நம்ம ஜனத்துக்கு எப்படிப் பொருந்தும்?

சரியான கேள்வி. அந்த மருத்துவமனைகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள், வயதானவர்கள், வெள்ளையர்கள். லாங் கோவிட் அதிகம் தாக்குவதோ பெண்களை. அல்-அலி தன் கட்டுரைகளிலேயே இந்தக் குறையை எழுதுகிறார். இன்னொரு குறை: அவை ஏற்கெனவே பதிவான மருத்துவக் குறிப்புகளிலிருந்து எடுத்தவை, மருத்துவமனைக்கே வராதவர் கணக்கில் வர மாட்டார்.

அந்த ஆய்வுகளின் பலம் ஒப்பீட்டில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த முதல் பெரிய கட்டுரையில், மருத்துவமனையில் சேராமல் வீட்டிலேயே தேறிய 73,435 பேரை, தொற்றாத ஏறத்தாழ 50 லட்சம் பேரோடு வைத்துப் பார்த்தார்கள். லேசாக வந்துபோனவர்களுக்கும் பின்விளைவு உண்டு என்பதை அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் காட்டியது அதுதான். எத்தனை சதவீதம் என்ற எண்ணை அப்படியே திருவாரூர் மாவட்டத்துக்குப் பெருக்கிப் பார்க்கக் கூடாது. எந்தெந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும் என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலும் ஆய்வு நடந்திருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 14,419 பேரை ஓராண்டு பின்தொடர்ந்ததில் 6.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்டது. அது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் கணக்கு. கூலி வேலைக்குப் போகும் பெண்களை, வீட்டிலேயே படுத்து எழுந்தவர்களை, வயல் வேலையை வைத்து அளந்த ஆய்வு ஒன்று நமக்கு வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செய்ய ஆள் இருக்கிறார்கள்.

லாங் கோவிட் வந்தவங்க ஒரு இடத்துல ஆறரைக் கோடிப் பேருன்னு போட்ருக்கு, இன்னொரு இடத்துல நாப்பது கோடின்னு. எதை நம்புறது?

இரண்டும் நேர்மையான கணக்கு, எண்ணிய விதம் வேறு. 2023 ஜனவரியில் வந்த மதிப்பாய்வு, அதுவரை உலகில் பதிவான 65 கோடித் தொற்றுகளில் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்து, குறைந்தது ஆறரைக் கோடி என்றது. பதிவாகாத தொற்று, டெஸ்ட் எடுக்காத நம் மூன்றாவது கேள்விக்காரர் மாதிரி, அதில் சேரவில்லை. 2024 ஆகஸ்டில் அல்-அலி, ஹன்னா டேவிஸ், இவசாகி முதலியோர் சேர்ந்து எழுதிய மதிப்பாய்வு அவற்றையும் கணக்கில் கொண்டு, தொற்று தொடங்கியதிலிருந்து மொத்தம் 40 கோடிப் பேர் அளவுக்கு இருக்கும் என்றது. இவர்களில் பலர் தேறிவிட்டவர்கள். இன்று ஒரே நேரத்தில் 40 கோடிப் பேர் படுத்திருக்கிறார்கள் என்று படித்துவிடக் கூடாது.

இப்பத்தான் கொஞ்சம் தேறி வர்றேன். மறுபடி கொரோனா வந்தா திரும்ப முதல்லேர்ந்தா?

எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் மறுதொற்று சும்மா போய்விடும் என்றும் சொல்ல முடியாது. அல்-அலி குழுவின் 2022 நவம்பர் கட்டுரையில், ஒரே முறை வந்தவர்களைவிட மறுபடியும் வந்த 40,947 பேருக்கு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் பின்விளைவுகளும் கூடுதலாக இருந்தன. ஏற்கெனவே லாங் கோவிட் உள்ளவர்கள் மறுதொற்றைத் தவிர்க்கப் பார்ப்பது நல்லது.

ஆஸ்பத்திரி வரிசையிலும், ஜன்னல் மூடிய பேருந்திலும், ஏசி போட்ட கல்யாண மண்டபத்திலும் நல்ல முகக்கவசம் போடுங்கள். ஊரில் யாரும் போடவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் அவரைத் திண்ணைப் பக்கம் காற்றோட்டமாகப் படுக்க வையுங்கள். அப்படியும் வந்துவிட்டால், காய்ச்சல் விட்டதும் வயலுக்கு ஓடாமல் இரண்டு மூன்று வாரமாவது பாதி வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய நோட்டை எடுத்து அன்றன்றைக்கு எழுத ஆரம்பியுங்கள். முன்பு தாங்கிய அளவை உடம்பு தாங்குகிறதா என்பது ஒரு மாதத்தில் அதிலேயே தெரிந்துவிடும்.